வெள்ளம் வென்ற வேங்கை

அண்ணன் செத்துப்போனார் என்று ஊருக்கு முதலில் சொன்னவன் நான்தான். ஒரே ஒரு சிக்கல், அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உண்மையாகவே அவர் போனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. டோல்கேட்டில் எந்த டீக்கடைக்குப் போனாலும் என்னைப் பார்த்ததும் எவனாவது ஒருத்தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா கவிஞரே, அடுத்த ரவுண்டு யாரு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்கட்டும். நான் செய்த காரியத்துக்கு அது ரொம்பக் கம்மியான தண்டனை.

அண்ணன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் முன்னால் ஒரு பட்டம், பின்னால் ஒரு பட்டம் போடச் சொல்லி என் கை அரிக்கும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் முப்பது வருஷமாக 'அண்ணன்' என்றால் அவர் ஒருத்தர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அங்கேயே சங்கத்தில் பேச ஆரம்பித்தார், கவுன்சிலர் ஆனார், ஒரு தடவை சட்டசபைக்கும் போய்வந்தார். குட்டையான ஆள், கறுப்பு, மூட்டை சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோள். எந்தப் பதவியில் இருந்தாலும் அதே பழைய மொபெட்தான். அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு டீ சொல்லமாட்டார், நன்றி சொல்லமாட்டார், முகம் கொடுத்துச் சிரிப்பதும் அபூர்வம். அப்படிப்பட்ட மனுஷன் மேல் எனக்கு ஏன் அத்தனை பைத்தியம் என்று என் மனைவி ஃபிலோ கேட்பாள். எனக்கே தெரியாது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதுவதுதான் வேலை. பகலெல்லாம் இருப்பதை இருக்கிறபடி எழுதி எழுதி அலுத்துப்போய், சாயங்காலம் டோல்கேட் பக்கத்தில் என் மச்சானோடு சேர்ந்து நடத்திய ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து இல்லாததை எழுதுவேன். பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் வாசகம் என்னுடையது. மூலையில் சின்னதாக 'கவிக்கடல்' என்று போட்டுக்கொள்வேன். அந்தப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் அவ்வளவு தூரம் கீழே படிக்கவில்லை.

அண்ணன் ஒருத்தர்தான் படித்தார். அதுதான் அவருடைய வியாதி.

சுவரில் தன் படத்தைப் பார்த்தால் மொபெட்டை நிறுத்துவார். மற்ற தலைவர்கள் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை இறக்கி, வரிக்கு வரி விரல் வைத்து, இரண்டாங்கிளாஸ் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படிப்பார். அச்சகத்தின் போன் நம்பர் வரைக்கும் விடமாட்டார். அதில் தான் செய்யாத ஒன்றைச் செய்ததாக இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். மொபெட் சாவியால் அந்த வரியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவார். அவர் போஸ்டரை எதிர்க்கட்சிக்காரர்கள் கிழித்ததைவிட அவர் சுரண்டியது அதிகம்.

முதல் முறை நான் மாட்டியது ஒரு தேர்தல் கூட்டத்தில். மேடை அறிவிப்பாளன் நான்தான். அண்ணன் படி ஏறும்போது, "எண்ணூர் மக்களுக்கு விடியற்காலைப் பேருந்து தந்த விடியலே, வருக வருக!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். நல்ல கைதட்டல். அண்ணன் நேராக வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"நம்ம கவிஞரு, பஸ்ஸு நா உட்டேன்றாரு. நா உடல. காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போற பொம்பளைங்க கூடைய வெச்சிக்கினு நடு ரோட்ல குந்துனாங்க. ரெண்டு நாளு ஒரு வண்டி போவல. அப்பால தான் பஸ்ஸு வந்துச்சு. அன்னிக்கு நா இன்னா பண்ணிகினு இருந்தேன் தெர்யுமா? வவுத்தால போயி வூட்ல படுத்துக்கினு இருந்தேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த மீன்காரப் பெண்கள் விசில் அடித்தார்கள். நான் மேடை ஓரத்தில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தத் தேர்தலில் அண்ணன் தோற்றார். நான் கத்திய வரவேற்பால் தோற்றாரா, அவர் பேசிய பேச்சால் தோற்றாரா என்று எங்களுக்குள் ரொம்ப நாள் வாக்குவாதம் இருந்தது. கட்சியில் எல்லோரும் அவர் பேச்சால்தான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குத் தலைவர் பெயர் வைப்பது ஒரு பெருமை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே போவார்கள். எங்களுக்குப் பெண் பிறந்தபோது ராயபுரத்துக் கோயிலில் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பேசிய கூட்டத்துக்குப் போய்விட்டேன். 'வெண்ணிலாச்செல்வி' என்று ஒரு பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி அவர் கையில் திணித்தும் ஆயிற்று. அண்ணன் சீட்டைப் படித்தார். ஃபிலோ பக்கம் குனிந்தார்.

"நீ இன்னா பேரு நெனச்சிக்கினு கீறம்மா?"

ஃபிலோ என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா" என்றாள்.

அண்ணன் மைக்கில் சொன்னார்: "கொயந்த பேரு ஸ்டெல்லா. பேரு வெச்சது அவங்கம்மா. நா மைக்ல சொல்றேன், அவ்ளோதான்."

அன்றிலிருந்து ஃபிலோ அவர் கட்சி. முப்பது வருஷமாக நான் எழுதியதில் ஒரு வரி படிக்காதவள், அவர் பேசுகிறார் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள்.

இனி நான் சொல்லவேண்டியது சடையங்குப்பத்து விஷயம். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அது பள்ளமான இடம். மணலிப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கே வந்துதான் நிற்கும். ஒரு மழையில் இடுப்பளவு தண்ணீர் என்று கேள்விப்பட்டு அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போனேன். அந்தக் குடை வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, போட்டோவில் விழ அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு வீட்டு வாசலில் தேவகி என்ற மீன்காரம்மா, கட்டிலைப் போட்டு அதன்மேல் ஏறி, இடுப்பில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா, தலைவரு வந்தா தண்ணி எறங்கிடுமா? போட்டா புட்ச்சாச்சா? கெளம்பு, கெளம்பு" என்றாள்.

"ஏம்மா, யாரைப் பாத்து இன்னா பேசற?" என்று நான் குரல் கொடுத்தேன்.

அண்ணன் என்னைக் கையமர்த்தினார். "எறங்காதும்மா. முன்னெல்லாம் இது எந்தப் பக்கமா போவும்? அத்தச் சொல்லு."

தேவகி அடுப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். முன்பு தண்ணீர் ஓடையில் போய் விழுந்த வழி, அதை மண் கொட்டி மேடாக்கிய இடம், இரண்டு பனைமரத்துக்கு நடுவில் ஒரு கால்வாய் வெட்டினால் போதும் என்ற கணக்கு, எல்லாவற்றையும் நடந்து நடந்து காட்டினாள். அண்ணன் கூடவே நடந்தார். குடையோடு நானும் நடந்து ஒரு செருப்பைத் தொலைத்தேன்.

அண்ணன் அந்தக் கால்வாய்க்காக ஆறு மாசம் மாநகராட்சி அலுவலகத்துக்கு அலைந்தார். கடைசியில் ஆட்கள் வந்து டேப்பு பிடித்து அளந்து, சிவப்பு பெயின்ட் அடித்த குச்சிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். வெறும் குச்சிதான். எனக்கு அது போதாதா? அண்ணன் கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் இருந்த நேரம் பார்த்து இருபதடி பேனர் ஒன்று அடித்தேன். 'சடையங்குப்பத்தின் கண்ணீர் துடைத்த கால்வாய் நாயகனே! வெள்ளம் வென்ற வேங்கையே!' சாவி எட்டாத உயரத்தில் கட்டச் சொன்னேன். ஒரு மாசம் அது நின்றது. அண்ணன் திரும்பி வருவதற்குள் காற்றே கிழித்துக்கொண்டு போய்விட்டது. நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள், ஆனாலும் சொல்கிறேன். பெரிய மனுஷன் ஆஸ்பத்திரியில் படுத்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவோம். சாவு விழுந்த பிறகு அச்சடிக்கப் போனால் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும். டோல்கேட் சுவரில் முதல் போஸ்டர் யாருடையது என்பது கௌரவப் பிரச்சினை. நான் கண்ணீரோடு எழுதினேன், அதில் பொய் இல்லை. எழுதும்போது என்னுடைய ஆகச் சிறந்த வரி என்று நான் நம்பிய 'வெள்ளம் வென்ற வேங்கை'யைத் தலைப்பில் போட்டேன். கட்டுக்கட்டாக அடித்துக் கடை மூலையில் படுதா போட்டு மூடி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இரண்டு போலீஸ் வேன். எதிரே மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? ஒரு தலைவர் படுத்திருக்கிற ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் வேன் நின்று, கடைக்காரன் ஷட்டரை இறக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று இந்த ஊரில் பிறந்தவன் எவனும் சொல்வான். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. போனை எடுத்து போஸ்டர் ஒட்டுகிற சேகரிடம், "ஒட்டுறா" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

போலீஸ்காரர்கள் கண் பரிசோதனை முகாமுக்கு வந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரன் டிபன் சாப்பிடப் போயிருந்தான்.

இது தெரிவதற்குள் டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் சுவர் பாக்கியில்லை. மாலைகள் வந்தன, அண்ணன் வீட்டு வாசலில் மேளக்காரர்கள் வந்து தப்பட்டையைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அவர் மனைவி கோலமாவு கையோடு வெளியே வந்து, "யாரு வூட்லப்பா சாவு?" என்று அவர்களிடமே கேட்டாராம்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வந்தார். ஆட்டோக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். டோல்கேட் சுவரைப் பார்த்ததும் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னாராம். இறங்கி, கண்ணாடியை இறக்கி, தன் சாவு போஸ்டரை விரல் வைத்துப் படித்தாராம். போன் நம்பர் வரைக்கும் படித்துவிட்டு ஆட்டோ சாவியைக் கேட்டாராம். 'கண்ணீர் அஞ்சலி'யை அவர் தொடவில்லை. தலைப்பை மட்டும் சுரண்டினார். பிறகு ஆட்டோவை நேராக என் கடைக்கு விடச் சொல்லிவிட்டார்.

நான் ஃப்ளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"நைனா, வெளிய வா. காலு தெரியுது."

வந்தேன். காலில் விழுந்தேன். "எய்ந்திரு, முட்டி வலிக்கப் போவுது" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் இளைத்துக் கிடந்தது. சுரண்டியபோது கையோடு வந்த காகிதத் துண்டைக் கவுண்டரில் வைத்தார்.

"போட்டா நல்லா கீது. யாரு கல்யாணத்துல எட்த்தது?"

"சேகரு தங்கச்சி கல்யாணத்துலண்ணே."

"செத்தது கூடத் தப்பில்ல நைனா. அது என்னிக்கோ ஒரு நாளு நெசமாயிடும்." அந்தத் துண்டின் மேல் விரலை வைத்தார். "ஆனா இது? சடையங்குப்பத்துல தண்ணி எங்க போச்சு?"

"அண்ணே, அது ஒரு இலக்கிய நயம்ண்ணே."

"நயம்." துண்டை என் பக்கம் தள்ளினார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மின்ன ஒரு நாளு ஆபீசுக்குப் போனேன். குச்சி நட்டு ஒரு வருசமாச்சு, எப்போ வேலன்னு கேட்டேன். ஆபீசரு போன எட்த்து ஒரு போட்டோ காட்னாரு. உன் பேனரு. 'கால்வாய் முடிஞ்சுதுன்னு உங்க ஆளுங்களே போட்டுட்டாங்களே சார், மேல கேட்டா நா இன்னா சொல்றது'ன்றாரு. அந்த வேலைய வேற பக்கம் மாத்தி உட்டாங்களாம். அந்தப் பொம்பள மூஞ்சில நா எப்டி முயிப்பேன்?"

நெஞ்சுவலி எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இன்றைக்கும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

"ஒண்ணு பண்ணு" என்றார். "நா நெசமா போசொல்லோ என் படத்துக்குக் கீய இத்த மட்டும் எய்து. சடையங்குப்பம் கால்வாய் இன்னும் வரல, கேளுங்க. அவ்ளோதான்."

"அண்ணே, சாவு போஸ்டர்ல போயி அப்டில்லாம்..."

"உயிரோட கீறவன் போஸ்டரு ஒட்னா அடுத்த நாளே கிய்ச்சிடுவானுங்க. செத்தவன் போஸ்டர்ல எவனும் கை வெக்க மாட்டான். பதினாறாம் நாளு வரிக்கும் நிக்கும். எல்லாப் பெரிய ஆளும் அந்த வயியாதான் வருவான். படிக்கட்டும். நா பண்ண முடியாதத என் சாவாச்சும் பண்ணுதா பாப்போம். சத்தியம் பண்ணு."

அந்தோணியார் மேல் சத்தியம் பண்ணினேன். வாய் மணக்கத்தான் பண்ணினேன்.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு காலை, அண்ணன் நிஜமாகவே போய்விட்டார். இந்தத் தடவை நான் வீட்டுக்குள்ளேயே போய், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் சொன்ன வரியை அடித்தேன். 'சடையங்குப்பம் கால்வாய் இன்னும் வரவில்லை. கேளுங்கள்.' திரையில் அது மொட்டையாக இருந்தது. அப்போது கட்சி அலுவலகத்திலிருந்து போன். தலைமையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், வீரமாக எழுதுங்கள் கவிஞரே, படத்திறப்பு விழாவில் அவர்கள் மேடையில் நீங்கள்தான் அறிவிப்பாளர் என்றார்கள்.

தலைமையோடு ஒரே மேடை. முப்பது வருஷம் நான் ஏங்கிய இடம். அந்த வரியைப் பார்த்தேன். இதைப் போட்டால் என்னை மேடைப் படியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அழித்தேன். பழைய ஃபைலைத் திறந்தேன். அண்ணன் படத்தை மட்டும் மாற்றினேன். வேங்கை மறுபடி சுவரேறியது.

ஊர்வலத்தன்று சடையங்குப்பத்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கால் முழுக்கச் சேறு. சுவர்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று வந்தார்கள். நான் வேறு பக்கம் திரும்பி மாலைகளை ஒழுங்குபடுத்தினேன்.

படத்திறப்பு ஒரு கல்யாண மண்டபத்தில். போஸ்டரில் விட்டதை மைக்கில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, அந்த வரியைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்தேன். மேடை நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து லேசாகத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். "வெள்ளம் வென்ற வேங்கையே!" என்று என் வாய் தானாகத் திறந்தது. மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் கேட்டால் என் நாக்கு வாலாட்டும், அதற்கு நான் என்ன செய்ய?

முடிந்ததும் டீ கொடுத்த இடத்தில் தேவகி வந்து நின்றாள்.

"சோக்கா பேசுன கவிஞரே."

"ஏதோம்மா..."

"ஏன்யா, கால்வா வரலன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? நாங்க அந்தத் தண்ணியிலதான்யா நிக்கிறோம். ஒனக்குத் தெரியுமான்றதுதான் எங்க டவுட்டு."

அண்ணன் கடைக்கு வந்தது, சத்தியம் வாங்கியது, நான் அழித்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றாள். "அவுரு எங்க தெருவுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. நா போனா கவிஞன் எய்துவான், அந்தப் போஸ்டரப் புட்ச்சிக்கினு ஆபீசுக்குப் போங்கன்னாரு. சாவு அன்னிக்கு டோல்கேட்லேர்ந்து சுவரு சுவரா படிச்சிக்கினு வந்தோம். ஒண்ணுலயாச்சும் இருக்குமான்னு."

நான் கையில் பிடித்திருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் அவரிடம் எதை எதையோ எதிர்பார்த்தேன், அவர் என்னிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு வரி. என்னை நம்பி ஒரு தெருவுக்கே வாக்குக் கொடுத்திருக்கிறார். நான்கூட என்னை அவ்வளவு நம்பியதில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசாண்ட வா" என்றாள் தேவகி. "மாலை கீலை எட்த்துக்கினு வராத."

போனேன். ஃபிலோவும் கூட வந்தாள், நான் வழியிலேயே இறங்கி ஓடிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். அதிகாரி நல்ல மாதிரி. பொறுமையாகத் தேவகி சொன்னதைக் கேட்டார். பிறகு போனை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று என் பழைய பேனர். இன்னொன்று அஞ்சலி போஸ்டர்.

"வேலை நடந்ததாத்தான்மா எல்லாரும் சொல்றாங்க. இறந்தவர் போஸ்டர்லகூட அதான் இருக்கு. இதை வெச்சுக்கிட்டு நான் புதுசா எப்படி எழுதி மேல அனுப்புறது?"

தேவகி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஃபிலோவும் பார்த்தாள்.

"அது பொய் சார்" என்றேன். "ரெண்டையும் எழுதினவன் நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அதை எழுத்துல குடுங்க."

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். 'ஏழைகளின் இதயத்துடிப்பும் எங்கள் உயிரினும் மேலான' என்று தொடங்கினேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த தேவகி, "இத்தல்லாம் அடி" என்றாள். அடித்தேன். வேறு தாள் வாங்கி வந்தேன். அதுவும் வீணாயிற்று. மூன்றாவது தாளில் எழுதியது இது:

'சடையங்குப்பம் வெள்ளத்தை அண்ணன் வென்றார் என்று பேனரிலும் போஸ்டரிலும் எழுதியவன் நான். அது உண்மை அல்ல. அவர் முயற்சி செய்தார், முடியவில்லை. கால்வாய் இன்னும் வரவில்லை. மழை பெய்தால் இவர்கள் வீட்டில் தண்ணீர் நிற்கிறது.'

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"ஏங்க, நீங்க அவரோட ஆளுதானே? போனவரைப் பத்தி அவரால முடியலைன்னு எழுதித் தர்றீங்களே. அவருக்கு இது அவமானம் இல்லையா?"

"அவர் என்கிட்டக் கேட்டதே இது ஒண்ணுதான் சார்" என்றேன். அவர் போனதிலிருந்து அன்றைக்கு வரைக்கும் எனக்கு அழ நேரமே இருக்கவில்லை. அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு, அதிகாரி முன்னால், வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். ஃபிலோ என் முதுகைத் தடவினாள்.

தேவகி தாளைத் திரும்ப வாங்கி, மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். பேனாவை என் கையில் வைத்தாள்.

"அப்பால அய்துக்கலாம் கவிஞரே. மொதல்ல தேதி போட்டு கையெய்த்துப் போடு. தேதி இல்லாத மனுவ எவன் வாங்குவான்?"

போட்டேன்.